கரை சின்னதுதான்... கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

மதுரையைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களில் பட்டா நிலத்திலேயே மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கும் தோப்புக்காரர்கள் உண்டு. ஐப்பசி மழையில் குட்டை நிறைந்தால் கிணறு ஊறும். தென்னை கோடையைத் தாங்கும். 'கண்மாய்க்கரையா என்ன, பத்தடிதானே' என்று அந்தக் கரையைப் பலரும் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு ஏக்கர் பரப்பில் சராசரியாகப் பத்தடி ஆழம் தண்ணீர் நின்றால் அது சுமார் 1.2 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் ஆயிரம் லாரி. கரை உடைந்தால் அவ்வளவும் ஒரேயடியாகக் கீழே இறங்கும்.

அணைகளை ஆபத்து வாரியாகப் பிரிக்கும்போது பொறியாளர்கள் பார்ப்பது கரையின் பலத்தை அல்ல; உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதைத்தான். அமெரிக்காவில் இதற்கு மூன்று வகை. உயிர் போக வாய்ப்பிருந்தால் 'உயர் ஆபத்து'. உயிர்ச்சேதம் இராது, சாலைக்கும் சொத்துக்கும் பெரும் சேதம் என்றால் 'நடுத்தரம்'. நஷ்டம் பெரும்பாலும் உரிமையாளரின் நிலத்தோடு நின்றுவிடும் என்றால் 'குறைந்த ஆபத்து'. புதிதாகப் போட்ட உறுதியான கரைகூட முதல் வகையில் வரலாம்.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், கவாய் தீவில் இருந்த கா லோகோ அணை, கரும்புப் பாசனத்துக்காக 1890-ல் போட்ட மண்கரை. தனியார் நிலத்தில் இருந்த அது 'குறைந்த ஆபத்து' பட்டியலில் இருந்தது. பல வாரத் தொடர்மழைக்குப் பிறகு 2006 மார்ச் 14 விடியற்காலையில் அது உடைந்து 7 பேர் இறந்தனர். உபரிநீர் போகும் கலிங்கு மண்ணால் மூடப்பட்டிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. நில உரிமையாளருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

மதுரைப் பக்கமும் நேற்றுவரை தரிசாகக் கிடந்த இடங்கள் இன்று பிளாட்டுகளாகின்றன. கரை அப்படியே இருக்கும். கீழே ஒரு வீடு வந்ததும் அதன் ஆபத்து வகை மாறிவிடும்.

2021-ம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் உயரத்தில் சில நிபந்தனைகளுக்குள் வருபவற்றுக்கும் மட்டுமே. பத்தடிக் கரை மூன்று மீட்டர்தான். அதைக் கண்காணிக்கும் பொறுப்பு உரிமையாளர் தலையில்தான்.

பழைய வழக்கு ஒன்றும் உண்டு. கார்வேட்நகர் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதை சேதமானது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி நஷ்டஈடு கேட்டது. ஜமீன்தார் கவனக்குறைவாக இருந்தது நிரூபணமாகாததால், 1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. பராமரிக்காமல் விட்டவருக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

ஐப்பசிக்கு முன் செய்ய வேண்டியவை

* கரையிலிருந்து தண்ணீர் ஓடக்கூடிய பாதையில் கீழே நடந்து பார்க்க வேண்டும். வீடு, பள்ளி, கோழிப்பண்ணை, சாலை எதுவானாலும் குறித்து வைக்க வேண்டும்.
* கலிங்கில் மண், புதர், மீன் வலை எதுவும் அடைத்திருக்கக் கூடாது. மண்கரைகள் உடைய முக்கியக் காரணம் தண்ணீர் கரை மேல் வழிவதுதான்.
* எலி, பெருச்சாளி, நண்டு வளைகளைத் தோண்டி, களிமண் இட்டுத் திமிசு போட வேண்டும். கரையில் மரம் வளரவிடக் கூடாது. வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழியாகும்.
* கரையடியில் தெளிந்த கசிவு இருந்தால் தினமும் கவனிக்க வேண்டும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். உடனே மடையைத் திறந்தோ மோட்டார் வைத்தோ நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். கரையை வெட்டிவிடக் கூடாது. வெட்டிய இடமே உடைப்பாகிவிடும்.
* கீழே குடியிருப்பவர்களின் போன் எண்கள் கையில் இருக்க வேண்டும். கரை தாங்காது என்று தோன்றினால் முதலில் அவர்களுக்கும், அடுத்து மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கும் சொல்ல வேண்டும்.

கரையைப் பார்த்த தேதியையும் செய்த வேலையையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. நாளை கேள்வி வந்தால் அதுதான் சாட்சி.