மடுவத்திலிருந்து கொழும்பு வரை

தராசில் கொழுந்து நிறுத்ததும் நம்ம வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கொழுந்துக்கோ பயணம் அப்போதுதான் தொடங்குகிறது.

1867ல் தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து இன்றுவரை ஒன்று மாறவில்லை. பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடும், சூடேறும். சாக்கில் அமுக்கி மிதித்து வெயிலில் போட்டால் நடுவில் சிவந்துவிடும். சிவந்ததை எந்த மெஷினும் பச்சையாக்காது. கையை உள்ளே விட்டுப் பாருங்கள், சுடும்.

100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறக்குறைய 21, 22 கிலோ தூள் கிடைக்கும். ஈரக் கொழுந்தானால் இது குறையும். மழை நாளில் தண்ணீருக்குக் கழிப்பது அதனால்தான். ஆனால் கண்மதிப்பில் வெட்டுவது அளவு ஆகாது. "எத்தனை கிலோ கழிச்சீங்க ஐயா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. கழித்ததைத் துண்டில் எழுதி வாங்குங்கள்; நாள் பேரு அதில்தான் நிற்கிறது.

1883ல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குத் தூள் போகும்போது, வாங்குபவர் ருசி பார்த்துத்தான் விலை சொல்வார். சிவந்த கொழுந்தை நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே கிலோவோடு நேரத்தையும் அளக்க வேண்டும். நிறுத்த நேரம், லொறி வந்த நேரம், பேக்டரியில் இறக்கிய நேரம், இந்த மூன்றையும் ஒரு கொப்பியில் ஒரு வாரம் எழுதினால் போதும். எங்கே தாமதம் என்று தெரிந்துவிடும். அநேகமாக அது பேக்டரியாக இருக்காது, லொறி ஏற முடியாத அந்த உடைந்த ரோட்டாக இருக்கும்.