சாயப்பட்டறை மூடினால் தையல் மெஷின் ஏன் நிற்கிறது?

ஒரு டி-ஷர்ட் முழுக்க ஒரே கட்டடத்தில் உருவாவது திருப்பூரில் அபூர்வம். நிட்டிங் யூனிட்டில் கணக்கு எழுதியவன் நான். என் மேஜையில் பில்லைவிட அதிகம் புரண்டது டெலிவரி சலான் புக்தான். மில்லில் இருந்து கோன் நூல் வரும். நாங்கள் நிட்டிங் ஓட்டிக் கொடுக்கும், சாயம் ஏறாத கிரே துணி ரோல் ரோலாகச் சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் வேறு முதலாளி, வேறு கூலி.

எந்தத் தொழில் எதற்குச் சரக்கு கொடுக்கிறது என்று ஒரு நாட்டுக்கே அட்டவணை போட்டவர் வாசிலி லியோன்டீஃப். அமெரிக்கத் தொழில்களைப் பற்றி 1936-இல் எழுதினார். 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அட்டவணையைக் குறுக்கே படித்தால் ஒரு தொழில் யாருக்கு விற்கிறது என்று தெரியும். மேலிருந்து கீழே படித்தால் யாரிடம் வாங்குகிறது என்று தெரியும்.

எங்கள் ஊருக்கு அப்படி ஒன்று போட்டால் சாயத்தின் தொகை நூலின் தொகையைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளை பனியன் துணிகூட சலவைக்குப் போகாமல் கட்டிங்குக்கு வராது. திண்டுக்கல்லில் நூல் கிடைக்காவிட்டால் ராஜபாளையத்தில் வாங்கலாம். தையலை ராத்திரியோடு ராத்திரியாக வேறு யூனிட்டுக்கு மாற்றலாம். சாயத்தை அப்படி மாற்ற முடியாது. லேப் டிப் என்ற சாய மாதிரியில் பையர் ஓகே செய்த ஷேடு அப்படியே வர வேண்டும். உடம்புத் துணியும் கழுத்து ரிப்பும் வேறு வேறு பேட்சில் நனைந்தால் கழுத்து ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம். செக்கிங் டேபிளிலேயே ரிஜெக்ட்.

2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மூடியவை 700-க்கும் மேல். எங்களிடம் நூல் இருந்தது, ஆள் இருந்தது, கரண்டும் இருந்தது. ஓட்டிய துணியை அனுப்ப இடமில்லை. லூதியானா வரை துணி அனுப்பியவர்கள் உண்டு.

ஒரு தொழில் படுத்தால் இன்னொன்று எழும், மொத்தத்தில் சரியாகிவிடும் என்றே பொருளாதார அறிஞர்கள் பலர் எண்ணியிருந்தார்கள். பொருளாதார அறிஞர் டேரன் அசெமோக்லுவும் மூன்று சகாக்களும் 2012-இல் அதை மறுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஏராளமான தொழில்கள் ஒரு சிலவற்றையே நம்பியிருந்தால், அந்தச் சிலவற்றுக்கு விழும் அடி மொத்தப் பொருளாதாரத்தையும் ஆட்டும். எங்கள் ஊரில் அப்படி ஒன்று சாயப்பட்டறை.

பட்டறைகளை மூட வைத்த அந்த வழக்கைக் கொண்டுபோனவர்கள் நொய்யல் ஆற்றின் ஆயக்கட்டு விவசாயிகள். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிக் கிடந்தது. எங்கள் சலான் புக்கில் நொய்யல் ஒரு பார்ட்டியாகவே இருந்ததில்லை. இத்தனை பேரின் கழிவையும் வாங்கிக்கொண்ட ஆற்றுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. அந்தக் கடன் விவசாயியின் கிணற்றிலும் வயலிலும் ஏறியது. இது பெரிய அநியாயம்.

லியோன்டீஃப் இதையும் யோசித்திருக்கிறார். மாசுக்கு ஒரு வரிசை, அதை நீக்கும் தொழிலுக்கு ஒரு பத்தி என்று 1970-இலேயே அட்டவணையை விரித்து எழுதினார். திருப்பூரில் இன்று டையிங் சார்ஜுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவும் சேர்ந்திருக்கிறது. ஆர்.ஓ. மூலம் மீட்ட தண்ணீரும், பிரித்தெடுத்த உப்பும் திரும்பச் சாயப்பட்டறைக்கே வருகின்றன.