இத்தாலிய மொழியில் எண்ணமும் இறந்தகாலமும்

'அவர் நோயுற்றிருக்கிறார் என்று எண்ணினேன்.' இவ்வாக்கியத்தில் தமிழராகிய நமக்கு யாதொரு இடர்ப்பாடும் தோன்றுவதில்லை. எண்ணியது நேற்று, எனினும் எண்ணத்துள் அடங்கிய வினையை நிகழ்காலத்திலேயே விட்டுவிடுகிறோம். வடமாநிலங்களில் வாழும் நேயர்கள் அன்றாடம் கேட்கும் ஹிந்தியிலும் இதுவே வழக்கு: 'மைனே சோசா கி வஹ் பீமார் ஹை'. இத்தாலிய மொழியோ இதற்கு இணங்குவதில்லை.

'பென்ஸோ கே ஸீயா மலாத்தோ' என்றால், 'அவர் நோயுற்றிருக்கிறார் என எண்ணுகிறேன்' என்பது பொருள். 'ஸீயா' என்பது கொன்ஜுன்தீவோ என்னும் வினைவடிவம், ஐயவினை எனலாம். கூறுவோர் அதனை உண்மையென உறுதி செய்யவில்லை, தம் கருத்தாக மட்டுமே கூறுகிறார் என்பதற்கு அது அடையாளம். எண்ணுதல் இறந்தகாலத்துக்குச் சென்றதும் ஐயவினையும் உடன்செல்ல வேண்டும்: 'பென்ஸாவோ கே ஃபொஸ்ஸே மலாத்தோ'. எண்ணியவாறன்றி உறுதியாக அறிந்திருந்தால் ஐயவினைக்கு இடமில்லை. 'ஸபேவோ கே எரா மலாத்தோ' என்பர். 'ஃபொஸ்ஸே', 'எரா' என்னும் இரண்டையும் நாம் 'இருந்தார்' என்றே பெயர்க்க நேர்கிறது. இடர் அங்கேதான் தொடங்குகிறது.

அலுவல் முடிந்த மாலைகளில் இம்மொழியைப் பயின்றபோது, பயிற்சிக்காக ஒரு கடிதத்தைத் தமிழாக்கினோம். அதில் ஒரு வாக்கியம்: 'பென்ஸாவோ கே ஃபொஸ்ஸே தார்தி ஏ கே இல் த்ரேனோ ஃபொஸ்ஸே பார்த்தீத்தோ'. நீளம் கருதி இரண்டாக முறித்தோம்: 'நேரமாகிவிட்டது என எண்ணினேன். ரயில் புறப்பட்டுப் போயிருந்தது.' அடுத்த வரியிலேயே கடிதக்காரர் அதே ரயிலில் ஏறி அமர்ந்துவிட்டார்! மூலத்தில் பிழை என்றுகூட எண்ணினோம். உண்மையில், இரண்டாவது 'ஃபொஸ்ஸே'யும் ஐயவினையே. ரயில் புறப்பட்டது அவருடைய எண்ணத்தில் மட்டுமே. 'என எண்ணினேன்' என்பதை முதல் வாக்கியத்தோடு நிறுத்தியதால், ஒருவருடைய ஐயத்தை நடந்த செய்தியாக்கிவிட்டோம். கடிதத்தில் இது நகைப்புக்குரியது. ஒரு சாட்சியத்தில் நேர்ந்திருந்தால்?

அவ்வாக்கியத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. முதல் 'ஃபொஸ்ஸே' தனித்து நின்று, எண்ணிய அதே வேளையைக் குறிக்கிறது. இரண்டாவது, 'பார்த்தீத்தோ' என்னும் எச்சத்தோடு சேர்ந்து, எண்ணுவதற்கு முன்னரே முடிந்த செயலைக் குறிக்கிறது. பின்னர் நிகழவிருந்ததாயின் பெரும்பாலும் 'ஸரெப்பே பார்த்தீத்தோ' என்பர்; அது ஐயவினையன்று, வேறு வடிவம்.

இத்தாலியர் பலர் பேச்சில் 'பென்ஸாவோ கே எரா' என்றே சொல்லிவிடுகின்றனர். நாம் மட்டும் வீட்டில் நன்னூலைப் புரட்டிவிட்டா பேசுகிறோம்! ஆயினும் எழுத்தில் 'ஃபொஸ்ஸே' என வரக் காணும்போதெல்லாம், நாம் இப்பொழுது தமிழ் வாக்கியத்தின் இறுதிவரை சென்று, 'என எண்ணினார்' அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம்.