மிதிபட மலர்ந்த வீதி

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாத ஞாயிறு ஒன்றில், உடன் குருக்கள் இருவரோடு உரோமையிலிருந்து ஃபொஸ்ஸானோவா மடத்தை நோக்கிப் புறப்பட்டோம். 1274-ஆம் ஆண்டு புனித தாமஸ் அக்குவினாஸ் உயிர்நீத்த இடம் அது. அப்பியா நெடுஞ்சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர் சென்றதும், ஜென்சானோ என்னும் மலையூரில் காவலர் வண்டியை மறித்தனர். "இன்று ஊரில் விழா, வழியில்லை" என்றனர். சலிப்போடு இறங்கினோம்.

வீதிமுனை திரும்பியதும் சலிப்பு அகன்றது. ஆலயத்தை நோக்கி மேலேறும் அந்நீண்ட வீதி முழுவதும், ஏறத்தாழ 2000 சதுர மீட்டர் பரப்பில், மலரிதழ்களாலான ஒரே கம்பளம்! முதியோரும் சிறுவரும் முழந்தாளிட்டு, எஞ்சிய இடங்களில் இதழ்களைத் தூவிக்கொண்டிருந்தனர். முன்னரே மலர் கொய்து, இதழ் பிரித்து, ஊரின் அடியிலுள்ள குளிர்ந்த குகைகளில் அவற்றைக் காத்து வைப்பார்களாம்.

திவ்விய நற்கருணைப் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தியவர் திருத்தந்தை நான்காம் உர்பான்; ஆண்டு 1264. அவ்விழாவின் செபங்களை அவரது வேண்டுகோளின்படி இயற்றியவர் புனித தாமஸ் என்பது மரபு. அவரைத் தேடிச் சென்ற வழியில் அவர் பாடிய விழாவே நம்மை நிறுத்திவிட்டது! ஜென்சானோவில் இந்த மலர்க்கம்பள வழக்கம் 1778-இல் தொடங்கியது.

மாலையில் பவனி புறப்பட்டது. கதிர்ப்பாத்திரத்தில் ஆண்டவரை ஏந்திய குரு அம்மலர்கள்மீதே நடந்தார். ஓவியங்கள் கலைந்தன. அருகில் நின்ற முதியவர் ஒருவரிடம், "ஐயா, இத்தனை உழைப்பும் வீணாகிறதே!" என்றோம். அவர் வியப்போடு நம்மை நோக்கி, "சுவாமி, அவர் நடப்பதற்காகத்தானே தூவினோம்!" என்றார்.

மறுநாள் ஃபொஸ்ஸானோவாவில் செபித்தோம். 1273 டிசம்பரில் புனித தாமஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார். தாம் எழுதியவை அனைத்தும் தமக்கு வைக்கோலாகத் தோன்றுவதாகக் கூறினாராம். மாலையில் திரும்பும்போது ஜென்சானோவில் மீண்டும் நின்றோம். ஆலயப் படிகளிலிருந்து சிறுவர் கூட்டம் ஆரவாரத்தோடு ஓடிவந்து, எஞ்சிய ஓவியங்களையும் கலைத்தது. அதுவும் விழாவின் வழக்கமே. தூவிய பெரியோர் கைதட்டி மகிழ்ந்தனர்.

அன்புக் குடும்பத்தாரே, நம் ஆலயத்திற்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும், அதன் இறக்கையில் நம் பெயர் சுழலாவிட்டால் மனம் ஆறுவதில்லை. திருநாளில் யார் குடும்பம் குடை பிடிப்பது என்று மனத்தாங்கல் கொள்கிறோம். இதில் உங்களை மட்டும் குறைகூற நமக்குத் தகுதியில்லை. முன்பு பணியாற்றிய பங்கில் மாதா கெபி கட்டியபோது, கல்வெட்டில் பங்குத்தந்தையின் பெயரைப் பெரிய எழுத்தில் பொறிக்கச் சொன்னவர் வேறு யாருமல்லர். கல்லும் மண்ணும் சுமந்த தாய்மாரின் பெயர் ஒன்றும் அதில் இல்லை.

நம் இல்லங்களில் விடியலில் இடும் கோலம் மாலைக்குள் காலடியில் கரைந்துவிடுகிறது. அதற்காக எந்தத் தாயும் அழுவதில்லை, மறுநாளும் இடுகிறாள். தன்னையே அப்பமாக்கி உண்ணக் கொடுத்தவருக்கு நாம் தருவதும் அவ்வாறே இருக்கட்டும். இவ்வாண்டு நற்கருணைப் பவனிக்கு நம் வீட்டார் பெயர் சொல்லாமல் ஒரு பணியைச் செய்வோமா?

அந்தக் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் அம்முதியவரின் வியந்த முகமே நம் நினைவில் எழுகிறது.