காற்று வடிகட்டியை எப்போது மாற்றுவது?

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள மலையூர் வட்டவடை. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே உள்ள இவ்வூரில் தமிழ் பேசும் உழவர் பலர் வாழ்கின்றனர். மலைச்சரிவில் படிப்படியாக அமைத்த வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு, பீன்சு ஆகியவற்றை அவர்கள் விளைவிக்கின்றனர்.

அறுவடை செய்த காய்கறி வாடுமுன் சந்தையை அடைய வேண்டும். பாம்பாடும் சோலையையும் டாப் ஸ்டேஷனையும் கடந்து, மூணாறு வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் மலைப்பாதையில் சரக்குந்து செல்ல வேண்டும். அது வழியில் நின்றுவிட்டால் பல மாத உழைப்பு வீணாகும். எனவே, எந்திரத்தைப் பேணுதல் ஓட்டுநருக்கும் உழவருக்கும் பொதுவான கடமையாகிறது. அந்தப் பணிகளுள் ஒன்றைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

எந்திரத்தின் மூச்சு

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய, ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று தேவை. நாளொன்றுக்கு 20 லிட்டர் டீசலைச் செலவிடும் சரக்குந்து, குறைந்தது இரண்டு இலட்சம் லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அக்காற்றோடு மண் புழுதியும் வருகிறது. புழுதியிலுள்ள நுண்மணல் இரும்பைவிடக் கடினமானது. அது உள்ளே புகுந்தால் பிஸ்டன் வளையங்களையும் உருளையின் சுவரையும் தேய்த்துவிடும். இதனைத் தடுப்பதே காற்று வடிகட்டியின் வேலை. பட்டறைகளில் இதனை 'ஏர் ஃபில்டர்' என்பர். மடிப்பு மடிப்பாக அமைந்த தடித்த தாளே இதன் முதன்மைப் பகுதி.

நாளடைவில் தாளில் புழுதி படிந்து, காற்றின் வழி அடைபடும். வட்டவடை போன்ற உயரத்தில், காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. அடைபட்ட வடிகட்டியும் சேர்ந்துகொண்டால் டீசல் முழுமையாக எரியாது. கரும்புகை எழும், ஏற்றத்தில் இழுவிசை குறையும், எரிபொருள் வீணாகும்.

கிலோமீட்டர் கணக்கு போதுமா?

குறிப்பிட்ட தொலைவு ஓடியதும் வடிகட்டியை மாற்றுவது பலரின் வழக்கம். இக்கணக்கு எல்லா இடங்களுக்கும் பொருந்துமா? இரண்டு சரக்குந்துகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று சமவெளியின் தார்ச்சாலையில் ஓடுகிறது. மற்றொன்று சுமையுடன் மலையேறி, மண்பாதையில் வயல்வரை செல்கிறது. இரண்டும் ஓடிய தொலைவு ஒன்றே. ஆயினும், மலையேறிய வண்டி மிகுதியான டீசலை எரித்தது. மிகுதியான காற்றை இழுத்தது. புழுதியும் மிகுதியாக ஏற்றது. ஆகவே, கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது.

அடிக்கடி மாற்றினால் நல்லதுதானே?

அப்படித்தான் தோன்றும். உண்மை வேறு. தாளின்மீது மெல்லிய புழுதிப் படலம் படிந்தபின், அப்படலமே மேலும் நுண்ணிய துகள்களைத் தடுக்கிறது. எனவே, புதிய வடிகட்டியைவிடச் சில காலம் உழைத்த வடிகட்டி நன்றாகவே வடிகட்டும். மேலும், கூட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புழுதி உள்ளே விழும் வாய்ப்பு உண்டு. வடிகட்டியைத் தரையில் தட்டினாலும், வேகமான காற்றைப் பீய்ச்சினாலும் தாள் கிழியலாம். கண்ணுக்குப் புலப்படாத சிறு கிழிசல்கூட எந்திரத்திற்குக் கேடு செய்யும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்துகிறது.

முடிவெடுக்கும் முறை

பல சரக்குந்துகளில் வடிகட்டிக்கும் எந்திரத்திற்கும் இடையே 'தடைகாட்டி' என்னும் சிறு கருவி உண்டு. வடிகட்டி அடைபடும்போது எந்திரம் காற்றை வலிந்து இழுக்கும். அந்த இழுவிசையால் கருவியில் சிவப்பு நிறம் தோன்றும். வடிகட்டியை மாற்ற வேண்டிய காலம் அதுவே. மாற்றியபின் கருவியின் பொத்தானை அழுத்தி, அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

தடைகாட்டி இல்லாத வண்டியில், தயாரிப்பாளரின் கையேடு கூறும் கால அளவைப் பின்பற்ற வேண்டும். புழுதி மிகுந்த கோடையில் அதற்கு முன்னரே சோதிக்க வேண்டும். தாள் கிழிந்திருந்தாலோ, மழைநீரில் நனைந்திருந்தாலோ உடனே மாற்றுதல் நன்று. சில வண்டிகளில் உள்ளே இரண்டாவதாக ஒரு பாதுகாப்பு வடிகட்டி இருக்கும். அதனைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தலாகாது. புதியதாக மாற்றுவதே முறை.

பழக்கத்தையோ வடிகட்டியின் அழுக்கு நிறத்தையோ நம்பி முடிவெடுத்தல் சரியன்று. மாற்றிய நாள், ஓடிய தொலைவு, செலவான டீசல், சென்ற பாதை ஆகியவற்றை ஓட்டுநர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். சில மாதங்களில் அந்த வண்டிக்கும் அந்தப் பாதைக்கும் உரிய கணக்கு அவருக்கே விளங்கிவிடும்.

சொற்பொருள்
சரக்குந்து – லாரி
உருளை – பிஸ்டன் இயங்கும் குழாய் வடிவப் பகுதி
இழுவிசை – இழுக்கும் ஆற்றல்

சிந்தித்து விடை எழுதுக
1. ஒரே தொலைவு ஓடிய இரு வண்டிகளின் வடிகட்டிகள் வெவ்வேறு காலத்தில் அடைபடுவது ஏன்?
2. வடிகட்டியை அடிக்கடி திறந்து தட்டுவதால் விளையும் கேடுகள் யாவை?
3. நீங்கள் வாழும் ஊரில் புழுதி மிகுந்த மாதங்கள் எவை? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.