மெதுவாக ஓடுபவரே வேகத்தைத் தீர்மானிக்கட்டும்

மலையகத்தில் நீண்ட தூரம் நடப்பது எவருக்கும் புதிய செய்தியன்று. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து தலைமன்னாரில் வந்திறங்கிய எமது முன்னோர், காடுகளினூடாகக் கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஆரம்பமான நடைபவனி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. இன்றும் கொழுந்துச் சுமையுடன் மலை ஏறி இறங்கும் பெண்களும், பாடசாலைக்காகப் பல கிலோமீற்றர் நடக்கும் பிள்ளைகளும் இங்கு இருக்கின்றனர். ஆயினும் இவை யாவும் தேவையின் பொருட்டு நடந்த, நடக்கின்ற நடைகள். ஒரு தாயும் மகளும், அல்லது ஒரு தந்தையும் மகனும் தமது விருப்பத்தின் பேரில் சேர்ந்து 21 கிலோமீற்றர் ஓடப் போவதாகச் சொன்னால், வேலையற்றவர்களின் வேலை என்ற சிரிப்பே பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கிறது.

அந்தச் சிரிப்பு நியாயமானதல்ல என்பது எமது கருத்து. குடும்பத்தில் இருவர் சேர்ந்து அரை மரதன் ஓடுவது எப்படி, அதனால் விளையும் நன்மை யாது, நுவரெலியா, அட்டன் போன்ற பிரதேசங்களில் அதற்குக் குறுக்கே நிற்பவை எவை என்பதைச் சற்று விளக்கமாக நோக்குவோம்.

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். அதன் சரிபாதியான 21.0975 கிலோமீற்றரே அரை மரதன். பாடசாலையின் 400 மீற்றர் மைதானத்தை ஏறக்குறைய 53 தடவைகள் சுற்றி வருவதற்கு இது சமம். ஒலிம்பிக்கில் இத்தூரத்துக்குப் போட்டி இல்லை. ஆயினும் சாதாரண மக்கள் அதிகமாக விரும்பும் தூரங்களுள் இதுவும் ஒன்று. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் 'கிரேட் நோர்த் ரன்' என்னும் அரை மரதனில் பல்லாயிரக்கணக்கானோர் பங்குபற்றுகின்றனர். அவர்களுள் வெற்றிக்காக ஓடுபவர்கள் மிகச் சிலரே. ஏனையோர் நண்பருடனோ உறவினருடனோ முடிவுக் கோட்டைக் கடப்பதற்காக ஓடுபவர்கள்.

இத்தூரம் அச்சமூட்டுவதாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் அச்சம் குறையும். மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் விரைந்து நடப்பவரே இத்தூரத்தை மூன்றரை மணித்தியாலத்தில் கடந்துவிடுவார். கிலோமீற்றருக்கு 8 நிமிடம் என்ற மெதுவான ஓட்டத்துக்கு 2 மணித்தியாலம் 49 நிமிடம் போதும். ஆகவே இது திறமைசாலிகளுக்கு மட்டும் உரிய தூரமன்று; பொறுமையாகத் தயாராகும் எவரும் எட்டக்கூடியது.

குடும்பத்துடன் ஓடுவதைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவின் டிக் ஹொய்ட், ரிக் ஹொய்ட் என்னும் தந்தையையும் மகனையும் குறிப்பிடாதிருக்க முடியாது. 1962இல் பிறந்த ரிக், மூளை வாதத்தினால் பாதிக்கப்பட்டு நடக்கவோ பேசவோ இயலாதவராக இருந்தார். 1977இல், விபத்தொன்றினால் உடல் முடங்கிய ஒருவருக்கு நிதி திரட்டும் ஓட்டத்தில் தானும் பங்குபற்ற விரும்புவதாக அவர் தந்தைக்குத் தெரிவித்தார். ஓட்டப் பயிற்சி இல்லாத தந்தை, மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடி முடித்தார். ஓடும்போது தனது இயலாமையை உணரவில்லை என்று மகன் கணினியின் உதவியுடன் தெரிவித்ததே, அதன் பின்னர் பல்லாண்டுகள் இருவரும் ஓடக் காரணமாயிற்று. பொஸ்டன் மரதனை மட்டும் அவர்கள் 32 தடவைகள் ஓடினர். 2014இல் ஓடியதே இருவரும் அங்கு சேர்ந்து ஓடிய கடைசி ஓட்டம். தந்தை 2021இலும் மகன் 2023இலும் காலமாயினர்.

இவர்களது ஓட்டத்தில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. தனியாக ஓடுபவர் தனது கால்களைக் கேட்டு ஓடுகிறார். சேர்ந்து ஓடுபவர் மற்றவரின் மூச்சைக் கேட்டு ஓட வேண்டும். மெதுவாக ஓடுபவரே வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே குடும்ப ஓட்டத்தின் முதல் விதி. பதினெட்டு வயது மகன் முன்னே பாய்ந்து சென்று, ஐம்பது வயதுத் தந்தைக்காகத் திருப்பத்தில் காத்து நிற்பது சேர்ந்து ஓடுவதாகாது. இருவரும் மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனத்தைப் பேசிக்கொண்டு ஓட முடிகிறதா என்பதே சரியான அளவுகோல். பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

இந்த விதி மலையக மக்களுக்குப் புதியதுமன்று. டிசம்பர் முதல் மே வரையான பருவகாலத்தில் நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் குடும்பங்களைப் பாருங்கள். 2,243 மீற்றர் உயரமான அந்தச் சிகரத்தை நோக்கி, ஐயாயிரத்துக்கும் அதிகமான படிகளில், பாட்டியின் கையைப் பேரன் பிடித்திருப்பான். பாட்டி நின்றால் குடும்பமே நிற்கும். பாபா ஆதம் மலை என்று முஸ்லிம்களும், ஸ்ரீபாத என்று பௌத்தர்களும் போற்றும் அம்மலையில் எல்லாச் சமூகத்தினரும் கடைப்பிடிக்கும் அதே ஒழுங்கைத்தான் நாம் சமதரை ஓட்டத்துக்கும் பரிந்துரைக்கின்றோம்.

நாள் முழுவதும் மலையில் நின்று உழைப்பவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழலாம். இது நியாயமான கேள்வி. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர் விழும். இல்லையேல் அரைப் பேர்தான். ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. கொழுந்து பறிப்பதில் சரிவில் நிற்பதும், குனிவதும், சுமை தூக்குவதும் முதுகையும் முழங்காலையும் களைக்கச் செய்கின்றனவேயன்றி, இதயமும் நுரையீரலும் சீராக வலுப்பெறுவதற்கு வேண்டிய தொடர்ச்சியும் ஓய்வும் அதில் இல்லை. எனவே தாயொருவர் ஓடத் தொடங்கும்போது, மலையில் செய்த வேலையையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாரம் சுமந்த நாளின் மாலையில் ஓட வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாட்கள் போதுமானவை.

பயிற்சிக்கு நான்கு மாதங்களை ஒதுக்குவது நல்லது. முதல் வாரங்களில் நான்கு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் ஓடலாம். படிப்படியாக ஓட்டத்தை நீட்டி நடையைக் குறைக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் நீண்ட ஓட்டம். அதன் தூரத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்திலொரு பங்குக்கு மேல் கூட்டாதிருப்பது பொதுவான வழிகாட்டல். 16 அல்லது 18 கிலோமீற்றரை இருவரும் சேர்ந்து ஓடிவிட்டால் எஞ்சியது தானாகவே வரும். கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வளிக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இதய நோய் உள்ளவர்களும் முதலில் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ ஏற்பட்டால் உடனே நிறுத்த வேண்டும். வளரும் பிள்ளைகளை இத்தூரத்துக்கு இழுத்துச் செல்லலாகாது. 5 கிலோமீற்றர் அவர்களுக்குப் போதும்.

மலைநாட்டுக்கென்று சில தனி விதிகளும் உண்டு. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதற்கேற்பக் குறைவு. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வீடு திரும்பும் மகனுக்கு முதற் சில நாட்கள் மூச்சிரைப்பதும், தோட்டத்திலேயே வாழும் தந்தைக்கு அவ்வாறு நேராததும் இதனால்தான். அடுத்தது இறக்கம். ஏற்றமே கடினம் என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால் தொடைத் தசைகளை அதிகமாகப் பாதிப்பது இறக்கத்தில் ஓடுவதே. அங்கே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியுள்ளது. ஆகவே இறக்கத்தில் குறுகிய எட்டுகள் வைத்து மெதுவாக இறங்குவதே அறிவுடைமை.

உணவு விடயத்தில் பெருஞ்செலவு தேவையில்லை. ஓட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் ஒரு ரொட்டியும் வாழைப்பழமும் போதும். தாகத்துக்கேற்பத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் நாம் வலியுறுத்த விரும்பும் ஒரு விடயம் தேநீர் பற்றியது. சாப்பாட்டுடனோ சாப்பிட்ட கையோடோ குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. குருதிச்சோகை உள்ள பெண் எவ்வளவு பயிற்சி செய்தாலும் விரைவில் களைத்துவிடுவார். உலகுக்கே தேயிலை தரும் மக்கள், தமது தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் பின்தள்ளிக் குடிப்பது பணச் செலவில்லாத மருந்தாகும். களைப்பு நீங்காதவர்கள் குருதிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அட்டன், நுவரெலியா நகரங்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது உரியதே. நோன்புக் காலத்தில் நீண்ட ஓட்டத்தைத் தவிர்த்து, நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னரோ இரவிலோ சிறிது தூரம் மட்டும் ஓடிப் பழக்கத்தைக் காத்துக்கொள்ளலாம். உடை ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. பஹ்ரைனின் ருகையா அல்-கஸ்ரா தலையை மறைத்த உடையுடனேயே 2006 ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் மரதனை வென்ற நெதர்லாந்தின் சிஃபான் ஹசன், ஹிஜாப் அணிந்தே பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். அதிகாலையில் ஓட்டங்களை ஒழுங்கு செய்வோர், சுபஹ் தொழுகை முடிந்து வருவதற்கு நேரம் விட்டுத் தொடங்கினால், ஒரு சமூகமே வாசலில் நின்றுவிடும் நிலை ஏற்படாது.

இனி, ஆபத்துகள். எமது வீதிகள் குறுகியவை, வளைவுகள் அதிகம், பனிமூட்டம் பார்வையை மறைக்கும். வாகனங்கள் எதிரே வருவது தெரியும்படி வீதியின் வலப்புறமாக, ஒருவர் பின் ஒருவராக, வெளிர் நிற உடையணிந்து ஓட வேண்டும். தேயிலை மலைகளினூடாக ஓடும்போது குளவிக் கூடுகள் உள்ள மரங்களை அறிந்து விலகிச் செல்ல வேண்டும். சிறுத்தைகள் நடமாடும் பகுதிகளில் விடியற்கருக்கலையும் அந்தியையும் தவிர்ப்பது நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழை விடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலமே பயிற்சிக்கு ஏற்றது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலினால் ஏற்பட்ட மண்சரிவுகள் மலைநாட்டில் எத்தனை உயிர்களையும் வீதிகளையும் கொண்டு சென்றன என்பதை நாம் மறக்கவில்லை. மழைக்குப் பின்னர் சரிவோரப் பாதைகளில் எவரும் ஓடலாகாது.

இவை அனைத்துக்கும் மேலான தடை ஒன்று உண்டு. அது நேரம். தந்தையும் மகனும் காலையில் ஓடச் செல்ல, தாய் வழமைபோல் எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாராயின், அதனைக் குடும்ப ஓட்டம் என்று நாம் கூறமாட்டோம். அந்த வீட்டில் ஏற்கனவே ஒருவர் ஒவ்வொரு நாளும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதே அதன் பொருள். தாயும் மகளும் வாரத்தில் மூன்று காலை வேளைகளில் ஒரு மணித்தியாலம் வெளியே செல்ல வேண்டுமானால், அந்த மூன்று நாட்களும் அடுப்பைத் தந்தையோ மகனோ பொறுப்பேற்க வேண்டும். மெதுவாக ஓடுபவருக்காக வேகத்தைக் குறைப்பது வீதியில் மட்டுமன்றி வீட்டிலும் நடைபெற வேண்டும். பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் வெற்றி பெறும் எமது பெண் பிள்ளைகள் பலர் பாடசாலையைவிட்டு நீங்கியதும் ஓட்டத்தையும் விட்டுவிடுகின்றனர். அவர்களுக்குக் கால்களில் வலுவில்லை என்பதல்ல காரணம். துணையாக உடன் ஓட எவரும் இல்லை என்பதே.

பொருளாதாரத் தடையையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளரின் நாளாந்தச் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தி, 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்ப்பதாக அறிவிக்கப்பட்டது. நல்லதொரு சோடி ஓட்டக் காலணி வாங்கப் பல நாட் சம்பளம் வேண்டும். இருவருக்கு என்றால் இரட்டிப்பு. அட்டன் பகுதியிலிருந்து புறப்பட்டு இராணுவ வீரராகத் தேசிய மட்டத்தில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் வெற்றிபெற்ற குமார் சண்முகேஸ்வரன் போன்றோர், மலையகத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதை நிரூபித்துள்ளனர். பஞ்சம் இருப்பது வசதிக்கே.

ஆகவே பிரதேச சபைகளும், தோட்ட நிருவாகங்களும், பாடசாலைகளும், ஆலயங்களும் பள்ளிவாசல்களும் ஒன்றுசேர்ந்து சில எளிய காரியங்களைச் செய்யலாம். தோட்ட மைதானத்தைச் செப்பனிடலாம். ஞாயிறு காலையில் ஒரு வீதியை இரண்டு மணித்தியாலம் வாகனங்களுக்கு மூடலாம். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஓடும் 5 கிலோமீற்றர் நிகழ்ச்சியொன்றைச் சேர்க்கலாம். அதில் பரிசு முதலில் வந்தவருக்கன்றி, கைகோத்து முடித்த எல்லாச் சோடிகளுக்கும் வழங்கப்படலாம். 21 கிலோமீற்றர் என்பது அதன் பின்னர் தானே எட்டும் தூரம்.

எமது முன்னோர் நடந்த நடையில், பின்தங்கியவர்கள் வழியிலேயே விடப்பட்டனர். நோயிலும் பசியிலும் காட்டிலேயே மடிந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் தாமாக விரும்பி ஓடும் ஓட்டத்தில் எவரும் பின்னால் விடப்படக்கூடாது என்பதே எமது வேண்டுகோள்.