மார்கழிப் பனியும் நம் தொட்டி மரங்களும்



மார்கழி பிறந்தால் விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போதே கை விறைத்துப் போகிறது. நாம் சால்வையைப் போர்த்திக் கொள்கிறோம். தொட்டியில் நிற்கிற குட்டை மரத்துக்கு யார் போர்த்தி விடுவது?

கம்பெனி வேலைக்குப் போக முடியாத எங்கள் குழு உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து, உள்கடன் வாங்கி, போன்சாய் மரம் வளர்த்து விற்கிறோம். முதல் வருஷ மார்கழியில் பாலைவன ரோஜாச் செடிகள் வரிசையாக அழுகிப் போயின. "பனி அடிச்சுச் செத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டோம். பிறகு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மண் சேறாகக் கிடந்தது. வெயில் காலத்தில் ஊற்றிய அதே அளவுத் தண்ணீரைச் சாயங்காலம் சாயங்காலம் ஊற்றி வந்திருக்கிறோம். செடி போய்விட்டது, ஆனால் கடன் தவணை மட்டும் மாதா மாதம் நின்றது. அந்த நஷ்டம் உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

தொட்டி மரத்துக்கு மட்டும் ஏன் குளிர் அதிகம்?

தோட்டத்து வேப்பமரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது. மேல்மண் குளிர்ந்தாலும் அடிமண் சூட்டை விடாது. போன்சாய்த் தொட்டியிலோ இரண்டு மூன்று விரல் ஆழத்துக்குத்தான் மண். அதற்கு நாலு பக்கமும் காற்றுப் படுகிறது. அதனால் ராத்திரியில் வேர் சீக்கிரம் குளிர்ந்து விடும். குளிர்ந்த வேர் தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். மண் காயாமல் ஈரமாகவே இருந்தால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது, அழுகல் பிடிக்கும்.

எந்த மரம் எப்படி இருக்கும்?

போன்சாய் சீனாவில் தோன்றி ஜப்பானில் வளர்ந்த கலை. அங்கே பைன் மாதிரி மரங்கள் குளிர் காலம் முழுக்க வெளியில் நின்று ஓய்வெடுக்கும். அந்த ஓய்வு அவற்றுக்குத் தேவையும் கூட. 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்பட்ட ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன், 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோதும் பிழைத்தது. 1976இல் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். வாஷிங்டனில் இன்றும் நிற்கிறது.

நாம் வளர்ப்பது ஆல், அரசு, இச்சி, புளி, காகிதப்பூ, பாலைவன ரோஜா. இவை வெப்ப நாட்டு மரங்கள். சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் இவற்றின் வளர்ச்சி மந்தமாகும். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் நின்றால் பாதிப்பு வரும். திருப்பூரில் மார்கழி, தை ராத்திரிகளில் பெரும்பாலும் 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் நம் ஊர்க் குளிரே மரத்தைக் கொன்றுவிடாது. நாம் செய்கிற தவறுதான் கொல்லும்.

இன்னொன்று. பாலைவன ரோஜா குளிரில் இலை உதிர்க்கும். தை, மாசியில் அரசும் உதிர்க்கும். செத்துப் போச்சு என்று தூக்கி எறியாதீர்கள்! நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் குத்தி, சற்று நேரம் கழித்து எடுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் காலை வெயில் வந்தபின் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றவே கூடாது. பாலைவன ரோஜா இலை உதிர்த்துவிட்டால் தண்ணீரை மிகவும் குறைத்து விடுங்கள்.

2. உப்புத் தண்ணீர் கவனம். நொய்யல் கரையோரம் பல ஊர்களில் கிணறும் போரும் உப்பு. சிறிய தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது உப்பு மண்ணிலேயே தங்கி, இலை நுனி கருகும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து மூடி வைத்து, அதை ஊற்றினால் நல்லது.

3. கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பாதியாகக் குறையுங்கள். இலை உதிர்த்த மரத்துக்கு உரமே வேண்டாம். படுத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்பிச் சோறு ஊட்டுவோமா?

4. தொட்டி மாற்றுவது, வேர் வெட்டுவது, பெரிய கிளை வெட்டுவது எல்லாம் மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். குளிரில் வெட்டுக்காயம் ஆற நாளாகும்.

5. காலை வெயில் விழுகிற கிழக்கு அல்லது தெற்குச் சுவர் ஓரம் வையுங்கள். பகலில் சூடேறிய சுவர் ராத்திரியில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தாழ்வாரத்தின் கீழே பனி இறங்காததைப் பார்த்திருப்பீர்கள். திறந்த வானத்தின் கீழேதான் பொருட்கள் சூட்டை இழக்கும், பனி படியும். வாடைக்காற்று நேராக அடிக்கிற மொட்டை மாடி மூலை ஆகாது. தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று அணைவு.

6. இலையில் வெள்ளைப் பொடி மாதிரி இருந்தால் அது சாம்பல் நோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, காற்றோட்டம் வருகிற மாதிரி தொட்டிகளைத் தள்ளி வையுங்கள். பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் ஏறும் முன் தெளியுங்கள்.

மலைக்கு விற்கும்போது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் வாங்க வந்தால் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். அங்கே கார்த்திகை முதல் மாசி வரை உறைபனி விழும். ராத்திரியில் இலைக்குள் இருக்கிற தண்ணீரே உறைந்து, திசு கிழிந்துவிடும். வெயில் வந்ததும் இலை கருகினாற்போல் ஆகும். 1848இல் தொடங்கிய ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்காவிலேயே மலர்ச் செடிகளை மிலார்ச் செடிகளால் மூடித்தான் காப்பாற்றுகிறார்கள்.

நம் மரத்தை வாங்குகிறவர் அதை ராத்திரியில் வீட்டுக்குள் வைக்க வேண்டும். முடியாவிட்டால் நாலு குச்சி நட்டு, துணி இலையில் படாதபடி மேலே மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும். நம்மிடம்தான் பனியன் கட்டிங் வேஸ்ட் துணி இருக்கிறதே! பெரிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, தொட்டியோடு ஓர் உறையும் கொடுங்கள். துணி காய்ந்திருக்க வேண்டும், நனைந்த துணி குளிரை அதிகமாக்கும்.

போன வருஷம் குன்னூருக்கு விற்ற ஒரு மரம் இதைச் சொல்லாததால் பட்டுப்போய், பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது ஒவ்வொரு தொட்டியோடும் கையால் எழுதிய சிறு சீட்டு ஒன்று போகிறது. அதன்பிறகு வாங்கியவர்களே இன்னொருவரையும் கூட்டி வருகிறார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு தொட்டியைக் கொண்டு வாருங்கள். ஈர்க்குச்சியைக் குத்தி எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மார்கழியில் முதல் போடாமல் மாசி வரை பொறுங்கள். மரத்துக்கும் நல்லது, நம் கடனுக்கும் நல்லது.